வெடிக்கக் கூடாத மிளகாய்

"தீயுது" என்று கூடத்திலிருந்து கத்தினேன்.
"தீயட்டும்" என்றான் அமல்தாஸ்
திரும்பாமல்.
எண்ணெயில் சர்க்கரை
முதலில் தேன், அப்புறம் செங்கல்,
அப்புறம் துறைமுகத்துப் பழைய சங்கிலி.
இன்னும் ஒரு மூச்சு விட்டால் கரி.
அந்த ஒரு மூச்சுக்காக
அடுப்பை விட்டு நகராமல் நிற்கிறான்
பத்தொன்பது மாதம் கழித்து வீடு வந்தவன்.

கோழி விழுந்ததும் எழுந்த புகை
ராயபுரத்து இரண்டாம் மாடியைச் சுற்றி வந்தது.
இனிப்பா கசப்பா என்றாள் ஷெரின்.
"சாப்பிடும்போது சொல்லு."

காலையில் கல்மண்டபம் மார்க்கெட்டில் பச்சைத் துவரை ஒரு கிலோ.
நாலு பேரும் தரையில் உட்கார்ந்து உரித்தோம்.
ஜோவியன் உரித்ததில் பாதி ஜோவியன் வாயில்.
அங்கே இதற்கென்று ஒரு தழை உண்டாம்,
தடித்த இலை, மேலே பூனை ரோமம்,
கிள்ளினால் ராத்திரி வரை விரல் மணக்குமாம்.
சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போனவன்
பெயின்ட் டப்பாவில் நான் வளர்க்கும்
கற்பூரவல்லி முன்னால் நின்றுவிட்டான்.
"இருமலுக்கு வெச்சிருக்கேன், மொட்டையடிச்சிடாதே."
"இதேதான்" என்றான்.
"அங்கேயும் இதேதான்."

போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வெளியே
ஏழு மாதம் நங்கூரத்தில் கிடந்தது அவன் கப்பல்.
முதலாளி போன் எடுக்கவில்லை.
எனக்கு வாட்ஸப்பில் வந்ததெல்லாம்
நல்லா இருக்கேன்.
தங்கசாலைத் தெருவில் ஷெரினின் சங்கிலியை வைத்துவிட்டு
ரசீதை மடித்துக்கொண்டே நான் அனுப்பியது
நல்லா இருக்கோம்.
படகில் ஒரு பெண் வாராவாரம்
இந்தச் சோற்றைக் கொண்டுவந்தாளாம். பெயர் மெர்லின்.
அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான்.

அரிசி, தேங்காய்ப்பால், ஒரு கீற்றுப் பரங்கி.
எல்லாவற்றுக்கும் மேலே முழுசாய் ஒரு குண்டு மிளகாய்,
பர்மா பஜார் நண்பன்
மாலத்தீவுக்காரர் ஒருவரிடம் வாங்கித் தந்தது.
"இது வெடிக்கக் கூடாது.
வாசம் இறங்கணும், காரம் உள்ளேயே இருக்கணும்."
காம்பு உடையாமல் மிதக்கவிட்டான்.
நான் மிளகாயைப் பார்க்கவில்லை.

அரை வேக்காட்டில் சிலிண்டர் தீர்ந்தது.
அடுத்தது செவ்வாய்க்கிழமைதான் வரும்.
பிரியாணி ஆர்டர் பண்ணிடலாமா என்றான் ஜோவியன்
போனை ஏற்கெனவே கையில் எடுத்து.
இவன் சட்டியைத் துண்டால் சுற்றித் தூக்கி
ஒரு மாடி இறங்கி
கைருன்னிசா அக்கா கதவைக் காலால் தட்டினான்.
"ஒரு பர்னர் போதும்க்கா. ஒரு மணி நேரம்."
அக்கா மீன் சட்டியை நகர்த்தினாள்.
"என்னப்பா, புலாவா?"
"பெலாவ்."
"அதானே நானும் கேட்டேன்!"

மறந்துபோன கரண்டியோடு பின்னால் இறங்கியவள்
படியிலேயே நின்றேன்.
உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான்.
மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்ததை.
மெர்லின் படகு வராத வாரங்களை.
சமையல்காரன் ரூபன் ஒரு நாள்
காலிப் பானையைக் கிளறிக்கொண்டே இருந்ததை.
அக்கா உச்சுக்கொட்டவில்லை, "ம்" மட்டும்.
எனக்குச் சொல்லாததெல்லாம்
மூடிய சட்டிக்குப் பக்கத்தில் நின்று
மூணு வருஷத்தில் முப்பது வார்த்தை பேசியிராத ஒருத்தியிடம்.
கோபம் வந்தது. கேட்கவும் வேண்டியிருந்தது.
கரண்டியை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்தேன்.
யாரோ பைக்கை உள்ளே தள்ளினார்கள். நகர்ந்து வழிவிட்டேன்.

சாப்பிட மணி மூன்றேகால்.
அக்கா வறுத்த சாளையும் கூடவே மேலேறி வந்தது.
அடிப்பிடித்த சோற்றுக்குப் பிள்ளைகள் சண்டை.
ஷெரின் பதில் சொல்லவில்லை, தட்டை மறுபடி நீட்டினாள்.
மிளகாய் வெடித்திருக்கவில்லை.
அதை எடுத்துத் தன் தட்டின் ஓரம் வைத்தான்,
பல் விழுந்த குழந்தை பல்லை வைக்கிற மாதிரி.
நான் கை நீட்டி எடுத்துக் கடித்தேன்.

"ஏய், பைத்தியமா உனக்கு!"
தயிருக்கு ஓடினான்.
கண், மூக்கு, காது, எல்லாம் தண்ணீர்.
ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கும்போதே
அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்,
"ஷெரின் சங்கிலி அடகுல இருக்கு. எட்டு மாசமா."
தயிர்க் கிண்ணத்தோடு திரும்பினான்.
"சரி" என்றான். "முதல்ல இதைக் குடி."